பரிணாமத்தை ‘உடைக்கும்’ கைப்புத்தகம்: மேற்கோளை மூலத்தோடு ஒட்டிப் படித்தால்

கோவை, ஈரோடு பக்கம் கைக்குக் கை மாறும் கைப்புத்தகம் இது. தாள் நல்ல தாள், தமிழும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. உள்ளே இருக்கும் சரக்குதான் கோளாறு. பரிணாமம் பொய் என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்களாம். சாட்சிக்குப் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள்.

முதல் சாட்சி டார்வின். கண் இயற்கைத் தேர்வால் உருவானது என்று நினைப்பது படு அபத்தமாகத் தோன்றுகிறது என்று 1859-இல் அவர் எழுதியது மெய்தான். ‘உயிரினங்களின் தோற்றம்’, ஆறாவது அத்தியாயம். கைப்புத்தகம் அங்கேயே முற்றுப்புள்ளி வைக்கிறது. மூலத்தில் அடுத்த வாக்கியமே மறுப்பு: எளிய கண்ணிலிருந்து நுட்பமான கண் வரை படிநிலைகள் இருந்து, ஒவ்வொரு படியும் அந்த உயிருக்கு உதவியிருந்தால், இந்தச் சிக்கல் நிற்காது என்கிறார். நிறமி பூசிய வெறும் ஒளிநரம்பில் தொடங்கி அந்தப் படிகளையும் காட்டுகிறார். 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில், சூரியன் நிற்கிறது, பூமி சுற்றுகிறது என்றபோதும் ஊர் நம்பவில்லையே என்று நடுவில் ஒரு குத்தும் உண்டு. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தாலும் வெட்டு வெட்டுதான்.

இடைநிலைப் புதைபடிவங்கள் மிக அரிது என்று 1977-இல் சொன்ன அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்டும் வருகிறார். அவர் பேசியது ஓர் இனத்துக்கும் அடுத்த இனத்துக்கும் நடுவே உள்ள வடிவங்களைப் பற்றி. பெரிய பிரிவுகளுக்கு நடுவே அவை ஏராளம் என்று 1981-இல் அவரே எழுதி, தன் பேச்சைத் திரிப்பவர்கள் மேல் எரிந்தும் விழுந்தார். அதைக் காணோம். மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட, 37.5 கோடி ஆண்டு பழைய டிக்டாலிக் என்ற புதைபடிவம் 2006-இலேயே அறிவிக்கப்பட்டது, அதுவும் இல்லை.

பிரிட்டிஷ் புதைபடிவ ஆய்வாளர் காலின் பேட்டர்சனின் 1979 கடிதத்தில் நடந்திருப்பது இன்னும் நைச்சியமான வேலை. ஒரு புதைபடிவத்தைக் காட்டி ‘இதுதான் நேரடி மூதாதை’ என்று அடித்துச் சொல்ல வழியில்லை என்பது அவர் வாதம். இடைநிலை வடிவமே கிடையாது என்று அதை மாற்றிவிட்டார்கள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை வாயில் தெரியும் விரலியை மட்டும் பார்த்து யாரும் விலை சொல்வதில்லைங்க, கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்ப்பார்கள். இதையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். மேற்கோளில் சொற்களை விட்டதற்கு அடையாளமாக மூன்று புள்ளி வரும் இடங்களைக் குறியுங்கள். ஆண்டு, பதிப்பு, அத்தியாயம் தேடுங்கள். டார்வின் ஆன்லைன் தளத்தில் ஆறு பதிப்புகளும் இலவசம். மேற்கோளின் நாலு சொல்லை ஆங்கிலத்தில் தேடி, முன்னும் பின்னும் ஒரு பத்தி படித்தால் போதும். கூல்டு, பேட்டர்சனுக்குத்தான் மெனக்கெட வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகம் ஒரு மேற்கோளுக்குக்கூடப் பக்க எண் தரவில்லை.

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர் கையில் ஓசியில் ஒரு பிரதி சிக்கினால் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஒரு வகுப்புக்குப் பயிற்சி ஆகும்.