ஓஓ லேஅவுட்டுக்குப் பழைய பொம்மை வண்டி: டிங்கியா, மேட்ச்பாக்ஸா?

1950களின் பிரிட்டிஷ் ஸ்டேஷனை மாடல் ரயிலின் ஓஓ அளவில், அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்காக (1:76) கட்டுகிறவருக்கு ஓர் ஆசை வரும். வாசலில் நிறுத்த அந்தக் காலத்துப் பொம்மைக் காரே கிடைக்கும்போது புது மாடல் எதற்கு? ஆசை சரிதான். வாங்கும் முன் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

டிங்கி டாய்ஸ் வந்ததே ரயிலுக்காகத்தான். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி, 1930களில் தன் ஓ கேஜ் ரயில்களுக்கு (ஓஓ-வைவிடப் பெரிய மாடல் அளவு) துணையாக விட்ட வண்டிகள் அவை. ஓ கேஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஓஓ-வில் கதை வேறு. நாலு மீட்டர் கார் 1:76-இல் 53 மி.மீ. வரவேண்டும், 1:43-ஐ ஒட்டிய டிங்கியில் 93 மி.மீ. வரும். பக்கத்தில் 23 மி.மீ. உயர போர்ட்டர் பொம்மையை நிறுத்திப் பாருங்கள், கார் கூரை அவர் தலைக்கு மேலே போய்விடும்.

1953-இல் லெஸ்னி தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசையில் அளவைத் தீர்மானித்தது பெட்டிதான். கார்கள் பெரும்பாலும் 1:64 பக்கம். கொஞ்சம் பெருத்திருந்தாலும் கண் மன்னித்துவிடும். லாரியும் பஸ்ஸும் அதே பெட்டிக்குள் போகவேண்டுமே, சுருங்கிவிட்டன. ரூட்மாஸ்டர் பஸ் ஓஓ-வில் 110 மி.மீ. இருக்கவேண்டும்; மேட்ச்பாக்ஸில் 7 செ.மீ.கூட இல்லை. இந்தக் குறையே எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் குட்டி பஸ்ஸைப் பின்னால், வரைந்த மலைக்கு முன் உள்ள சாலையில் வையுங்கள். இரண்டடி ஆழ மேசை அரை மைல் தூரம்போலத் தெரியும். ஒன்று மட்டும்: மேட்ச்பாக்ஸ் வண்டிகளுக்கு 1969-இல் வந்த, வேகமாக உருளும் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம் வேண்டாம். 1968-லேயே பிரிட்டிஷ் ரயில்வேயின் நீராவி ஓட்டம் முடிந்துவிட்டது.

அளவுக்குச் சரியான பழசு டிங்கி டப்ளோ. 1950களின் கடைசியில், மெக்கானோவின் ஓஓ அளவு ரயில்களான ஹார்ன்பி டப்ளோவுக்கென்றே வந்த சின்ன வரிசை. ஆஸ்டின் டாக்ஸி, மோரிஸ் பிக்கப், குதிரை டிரெய்லரோடு லேண்ட் ரோவர் என்று ஸ்டேஷன் வாசலுக்குத் தேவையானவை அதிலேயே உண்டு. விலைதான் உறுத்தும். பெட்டியோடு வருவதைச் சேகரிப்பாளருக்கே விட்டுவிட்டு, பெயின்ட் உதிர்ந்ததை வாங்குங்கள். புழுதி படிந்த யார்டில் அந்த உதிர்ந்த பெயின்ட் உழைத்த லாரியின் அடையாளமாகிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி என்றால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உலோகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் பல வண்டிகள் தானாகவே வெடிப்பு விட்டுப் பொடியாகின்றன. மயிரிழை வெடிப்பு தெரிந்தால் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

கையில் காசு கம்மி என்றால் முன்வரிசைக்கு ஒரே ஒரு டப்ளோ டாக்ஸி, பின்னால் மூன்று மேட்ச்பாக்ஸ். நான் அப்படித்தான் செய்வேன்.