கிளிநொச்சி ஸ்ரூடியோவின் நடிகர் பக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்

கலியாணம், சாமத்தியவீடு என்று படம் பிடித்து வந்த கிளிநொச்சி ஸ்ரூடியோ ஒன்று, நடிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பக்கேஜ் வைத்திருக்கிறது. 12 படங்கள், ஒரு அறிமுக வீடியோ, ஒரு வசனக் காட்சி. யாழ்ப்பாணத்தில் குறும்படமும் பாடல் வீடியோவும் எடுப்பவர்களுக்கோ சென்னைக்கோ முதலில் அனுப்ப வேண்டியவை இவைதான். படங்களுக்குக் கொடுக்கும் காசு தகும். வீடியோவைப் பக்கத்தில் நின்று சொல்லிச் செய்விக்க வேண்டும். சென்னையில் ஆளிடம் சேர்த்து விடுவதாகச் சொல்லிக் கடைசியில் கேட்கும் 'அறிமுகக் கட்டணம்' வேண்டவே வேண்டாம்.

படம் பிடிப்பவருக்கு வெளிச்சம் தெரிகிறது. ஃபிளாஷை ஒதுக்கி வைத்துவிட்டு, வெயில் நேரே விழாத வடக்குப் பக்க விறாந்தையில் நிறுத்தித்தான் எடுக்கிறார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழவில்லை. அனுப்புவதற்கு 12 தேவையில்லை, 5 போதும்: முகம் மட்டும், மார்பளவு, முழு உருவம், இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் இரண்டு. ஒரே நிற உடுப்பு போடுங்கள். நெருக்கமான கோடு போட்ட சேட் திரையில் நெளியும். லென்ஸ் 50 முதல் 85 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். அகன்ற லென்ஸைக் கிட்டக் கொண்டுவந்தால் மூக்குப் பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும்.

கலியாண அல்பத்துப் பழக்கம் வெளிப்படுவது எடிற்றிங்கில். மாநிற முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்து மறுவையும் அழித்துத் தருகிறார்கள். பாத்திரத்துக்கு ஆள் தேடுகிறவர் படத்தில் கண்ட முகமே நேரில் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். வயலிலும் வெயிலிலும் கறுத்த முகத்தைக் கேட்டே பாத்திரம் எழுதுகிற இயக்குநர்கள் இருக்கிறார்கள். அந்த முகத்தை அழிக்க நாமே காசு கொடுக்கக் கூடாது. எடிற் செய்யாத மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள், தருகிறார்கள்.

வீடியோவில் முதற் பிழை, பின்சுவரில் மெல்ல ஊர்ந்து போகும் கறுப்புப் பட்டைகள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். கமரா செக்கனுக்கு 30 பிரேம் (30 படம்), ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருப்பது 1/60 செக்கன் என்று இருந்தால் அந்தத் துடிப்பு அரைகுறையாகப் பதியும். 25 பிரேம், 1/50 என்று மாற்றினால் ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு துடிப்பு முழுதாக விழும், பட்டை போய்விடும். மாற்ற அரை நிமிடமும் எடுக்காது.

சத்தம்தான் பெரிய குறை. மேலே தகரக் கூரை, வெளியே ஏ9 றோட்டு, தலைக்கு மேல் ஃபான். கமராவிலுள்ள மைக் மூன்றையும் வாரி எடுத்து, வசனத்தைக் கடைசியில் வைக்கிறது. அதை மறைக்கப் பின்னணி இசை போட்டுத் தருகிறார்கள். இசை கேட்டதும் ஆள் தேடுகிறவர்கள் பலர் வீடியோவை மூடிவிடுவார்கள், குரலைக் கேட்கத்தானே அது. சட்டையில் குத்தும் மைக் அங்கேயே இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். சேலை என்றால் மடிப்பு மைக்கில் உரசாமல் வயரை உட்பக்கமாக ரேப் போட்டு ஒட்டுங்கள். ஃபானை நிறுத்துங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வெளியே வைத்து வசனம் எடுக்க வேண்டாம், பஞ்சுறை போட்டாலும் காற்று மைக்கில் அடிக்கும்.

அறிமுகத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள் சொல்லி, இரு பக்கமும் திரும்பினால் போதும். 40 செக்கன். வசனக் காட்சியில் எதிர்ப்பாத்திரத்தைப் படிப்பவர் லென்ஸுக்குப் பக்கத்தில், உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். இங்கே படிப்பவரை அறை மூலையில் இருத்துவதால், பிள்ளைகளின் ஒரு கண் மட்டுமே கமராவுக்குத் தெரிகிறது.

கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ ஆடிப் பழகியவர்களுக்கு மூச்சும் மனனமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, அது பெரிய சொத்து. ஆனால் அந்தக் குரல் திறந்த வெளியில் கடைசிப் பாய் வரை போகப் பழகியது. இங்கே மைக் ஒரு சாணில் இருக்கிறது. குரலையும் கையையும் அடக்கி, கண்ணை வேலை செய்ய விடுங்கள். ஒளிப்பதிவு செய்யும் தம்பி "இன்னும் பெலத்துச் சொல்லுங்கோ" என்றால் கேட்காதீர்கள்.

சென்னைக்கு அனுப்புவதென்றால் இரண்டு காட்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று "வாறன், போறன், கதைக்கிறன்" என்று உங்கள் சொந்தப் பேச்சில். மற்றது "வரேன், போறேன், பேசறேன்" என்று அவர்களுடைய பேச்சில். இரண்டையும் ஒரே காட்சியில் கலந்தால் எந்த ஊர் ஆள் என்றே புரியாது. பக்கேஜில் ஒரு காட்சிதான், இரண்டாவதற்குத் தனிக்காசு. அந்தக் காசைக் கொடுக்கலாம்.

இனி அந்த அறிமுகக் கட்டணம். "சென்னையில் ஆள் இருக்கு, சேர்த்து விடுறம்" என்று கேட்கிறார்கள். முறையான தேர்வுக்கு நடிகரிடம் காசு வாங்குவதில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, போய்வருவது லேசு. ஆனால் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. வேலை தருகிற கொம்பனிதான் அதற்குரிய விசாவுக்குக் கடிதம் தர வேண்டும். இதைச் சொல்லாமல் காசு கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நாட்கூலிக்குப் போய்ச் சேர்த்த காசு அது. அதே காசில் யாழ்ப்பாணத்துக்குப் பலமுறை பஸ்ஸில் போய், குறும்படக்காரர்களை நேரில் பார்த்துவிட்டு வரலாம்.

பெண் பிள்ளைகள் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு வருபவரை ஸ்ரூடியோவுக்குள்ளேயே இருக்க விடுகிறார்கள், அது நல்ல விஷயம். உங்கள் படத்தைத் தங்கள் முகநூலில் போடக் கூடாதென்றால் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பென் டிரைவைக் கொண்டுபோய், மூலப்படங்கள் முழுவதையும் அங்கேயே திறந்து பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கட்டுங்கள்.