கருப்பட்டி விற்கிறவளுக்கு எதற்கு செக்யூரிட்டி கீ?

பாளையங்கோட்டையில் வீட்டு மாடிதான் என் கடை. உடன்குடிக் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம். தெருவில் பலகை கிடையாது. ஒரு ஃபேஸ்புக் பக்கமும் ஒரு ஜிமெயிலும் இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். ஆர்டர் கணக்கு, விலாசம், கூரியர் ரசீது எல்லாம் ஜிமெயிலில். இந்த இரண்டும் கையை விட்டுப் போனால் பருவத்தில் வாங்கி அடுக்கிய கருப்பட்டி மாடியிலேயே இளகிக்கொண்டு கிடக்கும். அதற்காகத்தான் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ‘செக்யூரிட்டி கீ’ என்கிற சாவிக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். அதுவும் ஒன்று போதாது, இரண்டு வாங்க வேண்டும். காரணம் பிறகு சொல்கிறேன்.

பார்க்க பென்டிரைவ் மாதிரிதான். நடுவில் தொடுவதற்கு ஒரு சின்ன வட்டம். பேட்டரி, சார்ஜ் எதுவும் கிடையாது. கணக்கில் நுழையும்போது கம்ப்யூட்டரில் செருகித் தொட வேண்டும். இணையக் கணக்குகளில் நுழைவதற்கென்றே இருக்கிற ஃபைடோ2 என்கிற முறையில் இயங்குகிற சாவி இது. திருநெல்வேலி ஜங்ஷனிலும் வண்ணார்பேட்டையிலும் சில கடைகளில் விசாரித்தேன். கிடைக்கவில்லை. ஒரு கடைப் பையன் 64 ஜிபி பென்டிரைவை எடுத்து நீட்டி, “இதுலயே பாஸ்வேர்டு போடலாம்க்கா” என்றான். ஆன்லைனில்தான் வரவழைத்தேன்.

ஓடிபி இருக்கும்போது இது எதற்கு என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்விதான். இப்போது வருகிற திருட்டு, கடவுச்சொல்லோடு நிற்பதில்லை. போலிப் பக்கத்தில் நாம் கடவுச்சொல்லைத் தட்டியதும், திருடன் அதை அந்த நொடியே உண்மையான தளத்தில் போடுகிறான். உண்மையான தளம் நம் போனுக்கு ஓடிபி அனுப்புகிறது. நாம் அதையும் போலிப் பக்கத்தில் தட்டுகிறோம். அவன் உள்ளே போய்விடுகிறான். ஓடிபி உண்மையானது, நேரத்துக்கு வந்தது, ஒரு குறையும் இல்லை. நாம் கொடுத்த இடம்தான் தப்பு. மனிதக் கண்ணால் படித்து இன்னொரு இடத்தில் தட்டக்கூடிய எதையும் இப்படி வாங்கிவிட முடியும்.

சாவியில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. முதல் தடவை ஒரு தளத்தில் பதியும்போது, அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடி எண்களைச் சாவி உண்டாக்குகிறது. ஒன்று தளத்துக்குப் போகும், மற்றொன்று ரகசியம், சாவியை விட்டு வெளியே வரவே வராது. அடுத்த முறை நுழையும்போது தளம் ஒரு புதிர் அனுப்பும். எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை பிரவுசர் சேர்த்துச் சொல்லும். பதிந்த முகவரியாக இருந்தால் மட்டுமே சாவி கையெழுத்துப் போடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் போடாது. நீலக் கலரும் லோகோவும் அச்சாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, அது முகவரியைத்தான் பார்க்கிறது. தீபாவளி நேரத்தில் ராத்திரி பதினொரு மணிக்குப் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே போனைப் பார்க்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரிய கம்பெனிகளில் இது பழைய சங்கதி. கூகுள் 2017 முதல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்த மாதிரி சாவியைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு ஊழியர் கணக்கு எதுவும் ஃபிஷிங்கில், அதாவது போலிப் பக்கம் காட்டி ஏமாற்றுகிற திருட்டில், பறிபோனதாகத் தெரியவில்லை என்று 2018-ல் சொன்னது. எனக்கு அதைவிடப் பிடித்தது கிளவுட்ஃபிளேர் கதை. 2022-ல் அந்தக் கம்பெனி ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்தது. 3 பேர் கடவுச்சொல்லைத் தட்டியே விட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனி! ஆனாலும் ஆளுக்கொரு சாவி இருந்ததால் திருடன் வாசலோடு நின்றான்.

எங்கள் வீட்டிலும் சோதனை வந்தது. பக்கத்துக்கு வரும் கேள்விகளுக்குச் சாயங்காலம் பதில் போடுவது அண்ணன் மகள். அவள் கணக்குக்கும் பக்கத்தை நிர்வகிக்கும் உரிமை உண்டு, அதனால் அவள் கணக்கிலும் சாவியைப் பதிந்து வைத்திருந்தோம். ஒரே சாவியைப் பல பேர் கணக்கிலும் பதியலாம். “உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் நீக்கப்படும்” என்று ஒரு செய்தி. பிள்ளை பதறிப்போய் லிங்கைத் தொட்டு, கடவுச்சொல்லையும் போட்டுவிட்டாள். அப்புறம் கீழே வந்து நின்றாள்.

“அத்தை, இது ஆறு நம்பர் கோடு கேக்கு. நாம சாவியத்தானே தொடணும்?”

அவ்வளவுதான், இது போலிப் பக்கம் என்று புரிந்துவிட்டது. அங்கேயே கடவுச்சொல்லை மாற்றினோம். பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மைனி மட்டும் அவளைக் கொஞ்சம் வைதாள். “விடுங்க மைனி, அதுக்குத்தான இத வாங்குனது” என்று நான்தான் சமாதானம் செய்தேன்.

இனி குறைகள். அதுவும் நிறைய உண்டு.

முதலில், இது வங்கிக்கு உதவாது. நான் கணக்கு வைத்திருக்கிற எந்த வங்கியும் இந்தச் சாவியை ஏற்கவில்லை. யுபிஐ-யிலும் இதற்கு வேலையில்லை. பணம் இருக்கிற இடத்தில் உதவாத பூட்டு என்று அண்ணன் கேலி செய்கிறான், பதில் சொல்ல முடியவில்லை. அதே மாதிரி வாட்ஸ்அப்பில் இ-சலான், அதாவது வண்டி அபராத ரசீது, என்று சொல்லி ஏபிகே கோப்பாக ஒரு திருட்டு ஆப் வந்து அதை நாமே போனில் ஏற்றிக்கொண்டால் சாவி என்ன செய்யும்? ‘இன்று இரவு 9.30-க்குக் கரண்டு கட்’ என்று பயமுறுத்தி ஒரு நம்பருக்குப் பேசச் சொல்கிறவனிடம் நாமே பின் நம்பரைச் சொன்னாலும் அப்படித்தான். ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்து கிடக்கிற கணக்கைக் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் அப்படியே அள்ளிக்கொண்டு போவதையும் இது தடுக்காது. பணம் போய்விட்டால் அதற்கு வழி சைபர் குற்ற உதவி எண் 1930-தான், உடனே கூப்பிட வேண்டும். வங்கித் தளங்களை பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. வங்கி விஷயத்தில் இப்போதைக்கு முகவரி அப்படி முடிகிறதா என்று பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, சாவியைப் பதிந்ததோடு வேலை முடியவில்லை. ‘வேறு வழியில் நுழைய’ என்று எஸ்எம்எஸ் கோடு அப்படியே இருந்தால், திருடன் அந்த வாசல் வழியாக வருவான். அதைத் தேடிப் போய் எடுக்க வேண்டும். சாவியோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருப்பது முழுக்க இங்கிலீஷில், கடுகு எழுத்தில்.

மூன்றாவது, தொலைந்தால் தலைவலி. இரண்டு வாங்கச் சொன்னது அதற்குத்தான். ஒன்று மேசையில், இன்னொன்று பீரோவில் நகைப்பெட்டியோடு. கூகுள் தருகிற 10 மீட்புக் கோடுகளையும் காகிதத்தில் எழுதி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். சாவிக்கு ஒரு பின் வைக்கலாம். தொடர்ந்து 8 தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் பதிய வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஞாபகம் இருக்கட்டும்.

வாங்குகிறவர்கள் துளையைப் பார்த்து வாங்குங்கள். என் பழைய கம்ப்யூட்டரில் அகலமான யுஎஸ்பி, போனில் டைப்-சி. அதனால் வகைக்கு ஒன்றாக எடுத்தேன். என்எஃப்சி (செருகாமல் பக்கத்தில் வைத்தாலே தகவல் போகிற வசதி) உள்ள சாவியைப் போனின் முதுகில் ஒட்டிப் பிடித்தால் போதும், ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் என்எஃப்சி இருக்காது. சீல் உடைந்த பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள். பழைய சாவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பதியும்போது மெயிலில் தொடங்குங்கள். மற்றக் கணக்குகள் பலவற்றின் கடவுச்சொல்லை மெயில் வழியாகவே மாற்றிவிட முடிகிறது, அதனால் திருடனுக்கும் அதுதான் முதல் வாசல்.

எல்லாருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். வியாபாரம் எதுவும் இல்லாத வீட்டுக்குப் போனிலேயே பாஸ்கீ, அதாவது போனுக்குள்ளேயே இருக்கிற இதே மாதிரி சாவி, வைத்துக்கொண்டால் போதும். முகவரியைப் பார்க்கிற அதே வித்தைதான், காசும் கிடையாது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற என் மாதிரிக் கடைக்கு, ஆன்லைனில் துணி விற்கிறவர்களுக்கு, கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு வாங்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். வங்கிகள் ஏற்றுக்கொண்டால் மீதி ஒன்றையும் தருவேன்.

தன் தையல் கடைக்கு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியிருக்கிற மைனி இப்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். போனில் என்எஃப்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.