பழைய ஜீப்புக்கு ஸ்டீயரிங் காலம் (column): கழற்றியதா, புதியதா?

1976 முதல் 1986 வரை வந்த சிஜே (CJ) மாடல் ஜீப்புகளில் இருந்தது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் வந்த சாகினா (Saginaw) வகை ஸ்டீயரிங் காலம்தான், அதாவது ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் குழாயும் அதற்குள் இருக்கும் தண்டும். அதனால் வேறொரு வண்டியில் கழற்றிய ஜிஎம் அசெம்பிளியை மாட்டப் பலரும் விரும்புகிறார்கள். இன்டிகேட்டர் சுவிட்ச், ஹாரன், சாவி எல்லாம் கூடவே வந்துவிடும், செலவும் குறைவு. நீளம்தான் ஒத்துவராமல் போகலாம்.

வாங்கும் முன் தண்டைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். மோதலில் மடங்குவதற்காக உள்ளே பிளாஸ்டிக் பின்கள் உண்டு. யாராவது சுத்தியலால் அடித்துக் கழற்றியிருந்தால் அவை உடைந்து, தண்டு தொலைநோக்கிக் குழாய் மாதிரி உள்ளே போய் வரும். அதைத் தொடவே வேண்டாம்.

புதிதாகச் செய்து விற்பதில் நீளத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம், பேரிங்கும் புதுசு. ஆனால் பல மாடல்களில் சாவி டேஷ்போர்டுக்குப் போய்விடும், வயரிங் வேலை கூடும்.

கரடுமுரடான பாதையில் ஓட்டுபவருக்கு நான் புதியதையே சொல்வேன். அப்புறம், எதை மாட்டினாலும் தண்டில் இரண்டு யு-ஜாயின்ட் (தண்டு கோணத்தில் வளைந்து சுழல உதவும் இணைப்பு) இருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் (யு வடிவ முனைகளும்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தவறினால் ஒரே சுற்றில் ஸ்டீயரிங் இறுகும், தளரும்.