விலை இல்லாத பொம்மை: பேரப்பிள்ளைகளோடு சுனாமிகா செய்து பார்த்த அனுபவம்

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு உருப்படியான கைவேலை தேடும் ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு பேர். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. எங்கள் கைக்கு வந்த பொருள் சுனாமிகா. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா ஆடை வடிவமைப்பகத்தில் பிறந்த துணிப் பொம்மை அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மகளின் தோழி ஒருத்தி தன் பையில் தொங்கியதைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பொம்மையின் கதை தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26 கடல் பொங்கிய பிறகு, ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் பெண்கள் பிள்ளைகளையும் வலைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கைக்கும் மனதுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும் என்று 2005இல் இந்தப் பொம்மைப் பயிற்சி தொடங்கியது. தையலில் கழிக்கப்பட்ட வெட்டுத்துணிதான் மூலப்பொருள். போகப் போக அந்தப் பெண்களுக்கு அது வருமானமாகவும் ஆயிற்று. லட்சக்கணக்கில் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக்கூட விற்பதில்லை. பரிசாகத்தான் கொடுக்கிறார்கள். செலவையும் கூலியையும் நன்கொடை பார்த்துக்கொள்கிறது.

இதைச் சொன்னதும் மூத்தவள் விடவில்லை. "எல்லாரும் சும்மா வாங்கிட்டுப் போயிட்டா செஞ்ச அம்மாவுக்குக் காசு யார் குடுப்பா?" என்றாள். நம் கையில் இருக்கும் இந்த ஒன்றுக்கு முகம் தெரியாத யாரோ ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள், நாம் கொடுத்தால் அது நமக்குத் தெரியாத இன்னொருவர் பொம்மைக்குப் போகும் என்றேன். சின்னவனுக்கு வேறு கவலை. "ஒருத்தர் ரெண்டு எடுத்துக்கிட்டா?" நான் பதில் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் வெகுநேரம் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்பு, இரக்கம் என்று நான் பாடம் எடுத்திருந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றும் வந்திருக்காது.

இனி செய்முறை. மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் வழியில் செய்தோம். அங்கே பயின்ற பெண்களின் நேர்த்தி நமக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. தெருமுனைத் தையல்கடையில் கேட்டால் ஒரு பை நிறைய வெட்டுத்துணி தருவார்கள். பருத்தித் துணியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் வழுக்கும், பிள்ளைகள் கையில் முடிச்சு நிற்காது. தோல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, நடுவில் கோலிக்குண்டு அளவு பஞ்சு வைத்துக் கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டினால் தலை. பென்சில் கனத்தில் சுருட்டிய துணியைக் குறுக்கே வைத்துக் கட்டினால் இரண்டு கை. ஒரு விரல்கடை அகலத் துணியில் மேல் ஓரமாக ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்தால் சுருக்கு விழும். அதை இடுப்பில் சுற்றினால் பாவாடை. முடிக்குக் கம்பளி நூல். கண்ணும் வாயும் கடைசியில், இரண்டு மூன்று தையலில்.

கடையில் விற்கும் கைவேலைப் பெட்டி ஒன்றையும் இதற்கு முன் வாங்கியிருக்கிறோம். எல்லாம் வெட்டித் தயாராக வந்தது, ஒட்டினால் போதும். பிள்ளைகள் பெட்டிப் படத்தைப் பார்த்து ஒட்டினார்கள், படத்தில் இருப்பது போலவே வந்தது, அவ்வளவுதான். அதில் பேச்சுக்கு இடமே இல்லை. ஊசியும் நூலும் அப்படி இல்லை. நூல் கோர்க்க ஒருவர் வேண்டும், கழுத்தைக் கட்டும்போது பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். குனிந்து வேலை பார்க்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, நேராகக் கேட்டால் சொல்லாததெல்லாம் வாயிலிருந்து வருகிறது. மூத்தவள் வகுப்பில் யாரோடும் சேராமல் தனியாகச் சாப்பிடும் ஒரு பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாவாடைக்குச் சுருக்கு இழுக்கும்போதுதான். "அவகூடப் பேசினா மத்தவங்க என்னையும் ஒதுக்கிடுவாங்க ஆயா" என்றாள். பயம் நியாயமானது என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"சுனாமி வந்தப்போ நீ எங்க இருந்த?" என்று சின்னவன் கேட்டான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தேன். அவர்கள் மணல்வீடு கட்டும் சில்வர் பீச்சை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில்தான் அன்று காலை அலை ஏறியது. பிள்ளைகளின் வயதுக்குத் தக்க அளவாகச் சொன்னேன். கல்யாண மண்டபங்களில் மக்கள் தங்கியதையும், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் சோறு வடித்துக் கொண்டுபோனதையும் சொன்னேன். பழந்துணிக் குவியல்களைப் பற்றியும் சொன்னேன். எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகத் துணி வந்தது. கிழிந்தவை, சாயம் போனவை, கடற்கரையில் யாரும் உடுத்தாதவை எல்லாம் இருந்தன. வாங்குவாரின்றிச் சாலையோரம் கிடந்து மழையில் நனைந்தன. இங்கும் அப்படி, நாகப்பட்டினம் பக்கமும் அப்படி. எல்லாம் போய் நின்றவர்களுக்கும் மானம் இருந்தது. பிறர் வேண்டாமென்று கழித்ததைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

"நம்ம பொம்மையும் வேஸ்ட் துணிதானே?" என்றாள் மூத்தவள். இருபது வருடமாக அந்தக் குவியலை நினைத்திருக்கிறேன், எனக்கு இப்படித் தோன்றியதில்லை. இரண்டும் கழித்த துணிதான். ஒன்று வீட்டை விட்டுத் தள்ளியது. மற்றதை ஒரு பெண் தன் துக்கத்தோடு உட்கார்ந்து, கண் வைத்து, பாவாடை தைத்து, யாரென்று தெரியாத ஒருவருக்காகச் செய்தாள். இதை நான் இவ்வளவு வார்த்தையில் சொல்லவில்லை. "நீயே தொட்டுப் பாரேன்" என்று மாதிரிப் பொம்மையை நீட்டினேன். தையல்களை நகத்தால் எண்ணிப் பார்த்தாள்.

சின்னவன் செய்ததில் ஒன்று நேராக வந்தது, இன்னொன்றுக்குத் தலை சாய்ந்துவிட்டது. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது அவனுடைய யோசனை. கொடுத்தது தலை சாய்ந்ததை. "பிடிக்காததைக் குடுக்குறான் பாரு" என்று அக்காவுக்குக் கோபம். அந்த அண்ணனோ அதை வாங்கிச் சிரித்து, இஸ்திரி வண்டியின் கம்பியில் கட்டிவிட்டார். நான் இருவர் பக்கமும் சேரவில்லை. ஆறு வயதில் தான் செய்ததில் ஒன்றைக் கொடுக்கத் தோன்றியதே எனக்குப் பெரிது. எதைக் கொடுப்பது என்ற கணக்கை அவனே போட்டுப் பார்க்கட்டும். நல்லது இன்னும் அவன் தலையணைக்கடியில்தான் இருக்கிறது.

என் மதிப்பீடு கேட்டால், ஐந்து வயதுக்கு மேல் தாராளமாகச் செய்யலாம். அதற்குக் கீழே உள்ளவர்களிடம் ஊசியையும் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பொம்மையையும் கொடுக்காதீர்கள். ஆறேழு வயதுக்காரர்களுக்குக் கோர்ப்பதும் கட்டுவதும் போதும், கண் வைப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் தலை ஒரு நாள், பாவாடை ஒரு நாள் என்று விட்டால் பேச்சும் நீளும். செலவு என்று பார்த்தால் பஞ்சும் கம்பளி நூலும்தான்.

நீங்கள் செய்வதையும் விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அடுக்குமாடி விழாவில் ஒன்று இருபது ரூபாய் என்று வைக்கலாமே என ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். மூத்தவளே வேண்டாம் என்றுவிட்டாள். யாருக்குக் கொடுப்பது என்று ஒரு பட்டியல் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பால்காரர், வேன் ஓட்டுநர், நூலகத்து அக்கா. கடைசியில் பெயர் எழுதாமல் "கிளாஸ்ல ஒரு பொண்ணு" என்று ஒரு வரி. அதற்கு நீலப் பாவாடை போட வேண்டுமாம். நீலத் துணி தீர்ந்துவிட்டது, நாளைக்குத் தையல்கடைக்குப் போக வேண்டும்.