மறுபடி பார்க்க எது? ஆறுதல் தரும் நான்கு கொரியத் தொடர்கள்

ஒரு தொடரை முதல் முறை பார்க்க வைக்கும் காரணமும் அதையே மறுபடி பார்க்க வைக்கும் காரணமும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் முறை, அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியே நம்மை இழுத்துச் சென்றுவிடுகிறது. இரண்டாம் முறை அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிடுவதால், எஞ்சியிருப்பதை வைத்துத்தான் தொடர் நம்மைப் பிடித்துவைக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் நிறைவடைந்த ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ தென் கொரியாவில் 21 சதவீதத்துக்கும் மேலான பார்வையாளர் விகிதத்தைத் தொட்ட பெருவெற்றித் தொடர்தான். ஆயினும் அதை மறுபடி போடுகிறவர்களில் பலர், துப்பாக்கிச் சண்டைகளை ஓட்டிவிட்டு, வட கொரிய கிராமத்துப் பெண்கள் கூடி வம்பளக்கும் காட்சிகளில் மட்டுமே நிற்கிறார்கள். மறுபார்வைக்குத் தாங்குவது எது என்பதை இந்தப் பழக்கமே சொல்லிவிடுகிறது. நாயகன் நாயகியை விட, அவர்களைச் சுற்றிச் சமைத்து, சண்டை போட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற அண்டை அயலார்தான் நெடுநாள் நிலைக்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, ஆறுதல் தேடுவோர் அதிகம் பரிந்துரைக்கும் நான்கு தொடர்களை இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்: ‘ரிப்ளை 1988’, ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’, ‘ஹோம்டவுன் சா-சா-சா’, ‘மை மிஸ்டர்’. நான்குமே டிவிஎன் என்ற கொரிய கேபிள் அலைவரிசையில் ஒளிபரப்பானவை.

முதல் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் இயக்குநர் ஷின் வோன்-ஹோ, எழுத்தாளர் லீ வூ-ஜங். ‘ரிப்ளை’ வரிசை 2012இல் 1997ஆம் ஆண்டையும், 2013இல் 1994ஆம் ஆண்டையும் மையமாக வைத்து வந்தது. 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை 20 எபிசோடுகளாக ஓடிய மூன்றாவது தொடர்தான் 1988. சியோல் ஒலிம்பிக் நடந்த ஆண்டில், நகரின் வடபகுதியான சங்முன்-டோங்கில், ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை அது. இறுதி எபிசோடு எட்டிய 18.8 சதவீதம், அன்றைய கொரிய கேபிள் தொலைக்காட்சி வரலாற்றிலேயே உச்சம்.

ஆனால் ஒளிபரப்பான நாட்களில் ரசிகர்கள் இதை ஒரு புதிராகத்தான் பார்த்தார்கள். நாயகி டொக்-சுன் யாரை மணப்பாள், வாய் திறக்காத ஜங்-ஹ்வானையா, ‘கோ’ எனப்படும் பதுக் பலகை ஆட்டத்தில் மேதையான தேக்கையா என்பதே வாராவாரம் நடந்த வழக்கு. இரண்டு அணிகளாகப் பிரிந்து கட்சி கட்டியவர்கள் நிறையப் பேர். விடை தெரிந்த பின்பு அந்தப் புதிர் உதிர்ந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் மறைந்திருந்த பெற்றோர்கள் முன்னே வருகிறார்கள். மறுமுறை பார்க்கும்போது இது பிள்ளைகளின் காதல் கதை என்பதைக் காட்டிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கதையாகத் தெரிவது, இந்த நான்கில் இத்தொடருக்கு மட்டுமே வாய்த்த பேறு.

முதல் எபிசோடின் இரவுச் சாப்பாட்டு நேரத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் செய்த பதார்த்தத்தைக் கிண்ணத்தில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறாள் ஓர் அம்மா; வெறும் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று அந்த வீட்டு அம்மா தன் சமையலில் கொஞ்சம் வைத்து அனுப்புகிறாள்; பிள்ளைகள் சந்தில் ஒருவரை ஒருவர் கடந்து ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்; கடைசியில் எல்லா வீட்டு மேசையும் நிறைந்துவிடுகிறது. அதே எபிசோடில், அக்கா போராவுக்கும் தம்பிக்கும் முட்டை பொரித்து வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் இல்லையென்று ஆகும்போது நடுப்பிள்ளை டொக்-சுன் உடைந்து அழுகிறாள். சில நாள் முன்னதாக வரும் அக்காவின் பிறந்தநாளோடு தன்னுடையதையும் ஒரே கேக்கில் முடித்துவிடுவது அவளுக்கு ஆண்டுதோறும் நேரும் அநியாயம். அன்றிரவு அப்பா சங் டோங்-இல் தனியாக ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு வந்து, அப்பாவாக இருப்பது தனக்கும் முதல் தடவைதான் என்ற பொருளில் சொல்லும் மன்னிப்பு, பெண்ணைப் பெற்றவர்களைக் கலங்க வைக்காமல் விட்டதில்லை. நண்பனுக்கு ஜாமீன் போட்டுக் கடனில் மூழ்கி, பாதி தரைக்கு அடியில் இருக்கும் வாடகை வீட்டில் குடும்பத்தை வைத்திருக்கும் வங்கி ஊழியர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த கேக்கின் எடை புரியும்.

இன்னொரு காட்சி. விதவையான சன்-யங்கைப் பார்க்க அவளுடைய அம்மா வருகிறாள் என்று தெரிந்ததும், வறுமை தெரிந்துவிடக் கூடாதென்று பக்கத்து வீடுகளிலிருந்து நிலக்கரிக் கட்டிகள் முதற்கொண்டு இரவல் வாங்கி அடுக்குகிறார்கள். வந்தவள் எதையும் கேட்பதில்லை. போன பின்புதான் அவள் விட்டுச்சென்ற பணமும் கடிதமும் கிடைக்கின்றன. நம் ஊரில் தாய் வீட்டிலிருந்து வருகிறவர்கள் அரிசிப் பானைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ பணம் வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

குறையும் உண்டு. ஒவ்வொரு எபிசோடும் ஒன்றரை மணி நேரத்தைத் தொடுகிறது. பின்பாதியில் அந்தக் கணவன் புதிரை நீட்டுவதற்காகவே ஜங்-ஹ்வானை ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் நியாயமானது. 18ஆவது எபிசோடில், போக்குவரத்து விளக்குகளில் சிக்கித் தாமதமாகும் அவன், ஆட்டத்தையே விட்டுக்கொடுத்து முன்னதாக வந்து நிற்கும் தேக்கைப் பார்க்கும் இடம், முதல் முறை எரிச்சலூட்டியவர்களுக்குக்கூட இரண்டாம் முறை வேறு மாதிரி தெரியும். தயங்கியது விளக்குகள் அல்ல, தானே என்று அவன் உணர்வதை நாம் முன்கூட்டியே அறிந்திருக்கிறோம்.

அதே இயக்குநரும் எழுத்தாளரும் 2020இல் ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ தொடருக்கு வந்தபோது, புதிரின் பங்கை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். 1999இல் மருத்துவக் கல்லூரியில் ஒன்றாகச் சேர்ந்த ஐந்து நண்பர்கள், நாற்பது வயதில் ஒரே மருத்துவமனையில் பணிபுரிகிறார்கள். ஓய்வு நேரத்தில் இசைக்குழுவாகக் கூடிப் பழைய பாடல்களை வாசிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு எபிசோடு என்ற கொரிய வழக்கத்தை விட்டு, வியாழக்கிழமை தோறும் ஒன்று மட்டுமே ஒளிபரப்பினார்கள். 2020இல் 12, 2021இல் 12 என மொத்தம் 24 எபிசோடுகள். வில்லன் என்று சொல்லத்தக்க ஒருவரும் இல்லை.

மறுபார்வைக்கு இந்த அமைப்பு கொடுக்கும் வசதி பெரிது. எந்த எபிசோடையும் நடுவிலிருந்து போடலாம். ஒரு நோயாளியின் கதை தொடங்கி அங்கேயே முடியும், ஐவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சோங்-ஹ்வாவும் ஜூன்-வானும் மற்றவர்களுக்கு மிச்சம் வைக்காமல் அள்ளிப்போட்டுக்கொள்வார்கள், கடைசியில் ஒரு பாட்டு. நடிகர்கள் கருவிகளைத் தாங்களே கற்றுக்கொண்டு வாசித்தார்கள் என்பதால் அந்தப் பாட்டுக் காட்சிகளில் ஒட்டுப்போட்ட உணர்வு இல்லை. மேடை இசை நாடகங்களில் குரலுக்காகவே பெயர் பெற்ற ஜியான் மி-டோவைக் கொண்டுவந்து, சுருதி சேராமல் பாடும் சோங்-ஹ்வாவாக நடிக்க வைத்தது இத்தொடரின் நிலையான வேடிக்கை. உண்மை தெரிந்து மறுபடி பார்க்கும்போது அந்தக் கட்டைக்குரல் இன்னும் சிரிப்பூட்டுகிறது.

இத்தொடர் நோயையும் சாவையும் தவிர்ப்பதில்லை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகளை எடுக்க வேண்டிய நாள் மே 5, கொரியாவில் குழந்தைகள் தினம். ஐவரில் ஒருவரான கல்லீரல் அறுவை மருத்துவர் இக்-ஜூன், நள்ளிரவு தாண்டும் வரை சற்றுப் பொறுக்கும்படி அறுவை அரங்கில் கேட்டுக்கொள்கிறார். இல்லையென்றால் இறந்தவரின் பிள்ளை ஆயுளுக்கும் குழந்தைகள் தினத்தில் அப்பாவுக்கு நினைவுநாள் அனுசரிக்க வேண்டியிருக்கும். பெரிய வசனமோ உரத்த இசையோ அங்கே இல்லை.

இருந்தாலும் இதை ‘ரிப்ளை 1988’க்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். இம்மருத்துவர்கள் எல்லோரும் திறமைசாலிகள், பண்பானவர்கள், பணக் கவலை இல்லாதவர்கள். ஏழை நோயாளியின் கட்டணத்தை மறைமுகமாகக் கட்டும் நிதி கூட அவர்களில் ஒருவருடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரசீதும் கையுமாக நின்று பழகியவர்களுக்கு இது தேவதைக் கதையாகவே படும். சங்முன்-டோங்கின் ஆறுதல் கடன்காரன் வீட்டிலிருந்து வருவதால் அதை நம்ப முடிகிறது. தவிர, இரண்டாம் பருவத்தில் ஜூன்-வானின் காதல் பிரிவை இழுத்த இழுப்பு, எதையும் அவசரமாகச் சொல்லாத இந்தத் தொடருக்கே சற்று அதிகம். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறது என்றால், அப்போது முதல் பருவத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘ஹோம்டவுன் சா-சா-சா’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை 16 எபிசோடுகளாக வந்த இத்தொடர், 2004இல் வெளியான ஒரு திரைப்படத்தின் மறுவடிவம். அப்படத்தின் நாயகன் கிம் ஜூ-ஹ்யுக் 2017இல் விபத்தில் மறைந்துவிட்டார். ‘ரிப்ளை 1988’இல் நடுவயது தேக்காகச் சில நிமிடங்கள் வந்துபோகிறவரும் அவரே. கோங்ஜின் என்ற கற்பனைக் கடலோர ஊரைப் போஹாங் பகுதியில் படமாக்கியிருக்கிறார்கள். சியோலில் வேலையை விட்டுவிட்டு வரும் பல் மருத்துவர் ஹே-ஜின், தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டதால் அட்டையில் பணம் செலுத்த வழியில்லாமல், கணவாய் மீன் சுத்தம் செய்து கூலி பெறும் முதல் எபிசோடே இதன் சுவையைக் காட்டிவிடும். எந்த வேலைக்கும் குறைந்தபட்சக் கூலியை மட்டும் மணிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் நாயகன் டு-சிக், ஊரின் எடுபிடியாகவும் தலைவராகவும் ஒருசேர இருக்கிறார்.

கடல், வெயில், மூன்று பாட்டிமார்களின் அரட்டை என முதல் பாதி அலுக்கவே அலுக்காது. பின்பாதியில் டு-சிக்கின் கடந்தகாலம் பாரமாக இறங்குகிறது; நிதி நிறுவனம், தற்கொலை முயற்சி, குற்றவுணர்வு என்று கதை போகும்போது, அந்தத் துயரம் இந்த ஊருக்குச் சொந்தமில்லாமல் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததுபோல் உறுத்துகிறது. காம்-ரி பாட்டியின் மரணம் அப்படியல்ல. அது ஊருக்குள்ளேயே முளைத்த துயரம். ஊராரோடு சேர்ந்து நம்மாலும் அதைச் சுமக்க முடிகிறது. மறுபடி பார்ப்போர் முதல் பத்து எபிசோடுகளையும் கடைசி இரண்டையும் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

‘மை மிஸ்டர்’ இந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். 2018 மார்ச் முதல் மே வரை 16 எபிசோடுகளாக ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு கொரியத் திரை, தொலைக்காட்சித் துறையின் பேக்சாங் விருதுகளில் சிறந்த தொடருக்கும் சிறந்த திரைக்கதைக்கும் பரிசு பெற்றது. எழுதியவர் பார்க் ஹே-யங். தொடங்கிய வேளையில், நடுவயது ஆணையும் இருபத்தொரு வயதுப் பெண்ணையும் இணைத்துச் சொல்கிறது என்றும், கடன் வசூலிக்கும் இளைஞன் அவளை அடிக்கும் காட்சி அளவு மீறியது என்றும் கண்டனங்கள் எழுந்தன. இரண்டாவது கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. முதலாவதோ, கடைசி வரை பார்த்தவர்களிடம் நிற்கவில்லை.

கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் டோங்-ஹூனின் கைப்பேசியை, அதே அலுவலகத்தின் தற்காலிக ஊழியை ஜி-ஆன் பணத்துக்காக ஒட்டுக்கேட்கிறாள். அலுவலகத்தில் எடுத்துவந்த காபித்தூள் பொட்டலங்களை இரண்டிரண்டாகக் கரைத்துக் குடித்து இரவைக் கழிப்பவள் அவள். அவன் மூச்சு, நடை, அண்ணன் தம்பியரோடு ஜங்-ஹீயின் மதுக்கடையில் பேசும் பேச்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருப்பதால், முகம் பார்த்துப் பழகியவர்களைவிட அவனை நன்றாக அறிந்துவிடுகிறாள். முதல் முறை நாம் அவளைச் சந்தேகிக்கிறோம். இரண்டாம் முறை, அவளுக்குத் தெரியாமல் அவள் தேறிவருவதை முதல் எபிசோடிலிருந்தே பார்க்கிறோம். காது கேளாத பாட்டிக்கு நிலவைக் காட்ட, கடைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி மறுமுறைதான் முழுதாக விளங்கும். டோங்-ஹூனாக நடித்த லீ சன்-க்யுன் 2023 டிசம்பரில் இறந்த பிறகு, அவருடைய அந்தத் தணிந்த குரலைக் கேட்பது பலருக்குக் கடினமாகியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆழத்தில் நான்கில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். ஆனால் ஆறுதலுக்கு இது கேட்கும் விலை அதிகம். முதல் நான்கு எபிசோடுகள் இருட்டு. அவற்றைத் தாண்டினால்தான் டோங்-ஹூன் வசிக்கும் ஹூக்யே பகுதிவாசிகள் கூட்டமாக நடந்து ஜி-ஆனை வீடு வரை கொண்டுவிடும் வெளிச்சம் வரும். துண்டு துண்டாகப் பார்க்க முடியாது, தாண்டிச் செல்லவும் முடியாது. மனம் ஏற்கெனவே நொந்திருக்கும் வாரத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அப்படிப்பட்ட வாரத்துக்கு ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ இருக்கிறது. வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்காரும் விடுமுறை நாட்களுக்கு ‘ரிப்ளை 1988’ஐத்தான் எடுப்பேன், அப்பாக்கள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்து, பிறகு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்ளும் தொடர் இந்த நான்கில் அது ஒன்றுதான்.