ரஷ் குழுவின் ‘ஆர்40 லைவ்’: எங்கள் வீட்டுப் பார்வையில்

கனடாவின் ராக் இசைக் குழுவான ரஷ் 2015 ஜூன் மாதத்தில் ரொறன்ரோவின் ஏர் கனடா சென்டர் அரங்கில் நடத்திய நிகழ்ச்சிகள், அதே ஆண்டு நவம்பரில் ‘ஆர்40 லைவ்’ என்ற பெயரில் மூன்று குறுந்தகடுகளாகவும் காணொளித் தட்டாகவும் வெளிவந்தன. வெளிவந்தபோது இது எங்கள் வீட்டில் இன்னுமொரு நேரடிப் பதிவு, அவ்வளவுதான். இப்போது இதைப் பார்க்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை.

ரஷ் குழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். குடிபெயர்ந்து வந்த பெற்றோரின் பிள்ளைகளான பாடகர் கெடி லீயும் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனும் நாங்கள் வாழும் இதே நகரின் வில்லோடேல் பகுதியில் வளர்ந்தவர்கள் என்பதில் அவருக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டைப் பார்த்துத்தான் மகன் டிரம்ஸ் வகுப்புக்குப் போனான். 2015 நிகழ்ச்சிக்குக் கணவரும் மகனும் சென்றார்கள்; மகள் மிகச் சிறியவள் என்பதால் அவளுக்கு ‘அடுத்த முறை’ என்று சொல்லப்பட்டது. இந்த அளவிலான பெரிய சுற்றுப்பயணம் பெரும்பாலும் இதுவே கடைசியாக இருக்கும் என்றுதான் குழு அறிவித்திருந்தது. ‘பெரிய’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிறிய அளவிலாவது வருவார்கள் என்று நம்பியவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அந்த ஆண்டின் இறுதியில் பியர்ட் தம்மை ஓய்வுபெற்ற கலைஞர் என்று குறிப்பிட்டார்; 2018 ஜனவரியில் லைஃப்சன் எல்லாம் முடிந்துவிட்டது என்பதை ஏறக்குறைய உறுதிசெய்தார்; 2020 ஜனவரி 7 அன்று பியர்ட் மூளைப் புற்றுநோயால் காலமானார். மகளுக்குச் சொன்ன ‘அடுத்த முறை’ அத்துடன் பொருளற்றுப் போயிற்று.

இந்தப் பதிவின் தனிச் சிறப்பு அதன் வரிசை. நிகழ்ச்சி அண்மைக் காலப் பாடல்களில் தொடங்கி, ஒவ்வோர் இசைத்தொகுப்பாகப் பின்னோக்கி நகர்ந்து, 1974இல் வெளிவந்த முதல் தொகுப்பில் முடிகிறது. பாடல்கள் பின்னே செல்லச் செல்ல, சிவப்பு அங்கி அணிந்த பணியாளர்கள் மேடைக்கு வந்து விசித்திர எந்திரங்களையும் கெடி லீக்குப் பின்னால் வேடிக்கைக்காக வைக்கப்பட்ட சலவை எந்திரங்களையும் ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் எஞ்சுவது ஒரு பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தின் தோற்றமும் நாற்காலிமேல் ஏற்றிவைத்த சிறிய ஒலிபெருக்கிகளும்தான். இடைவேளைக்குப் பின் பியர்ட்டும் எழுபதுகளின் பாணியில் அமைந்த வேறொரு டிரம்ஸ் தொகுதிக்கு மாறிவிடுகிறார். குறுந்தகட்டை மட்டும் வாங்குபவர்களுக்கு இவை எதுவும் கிடைக்காது. ஆகவே காணொளித் தட்டையே பரிந்துரைக்கிறேன்.

‘லூசிங் இட்’ என்ற பாடலுக்காகவே இதை வாங்கலாம். 1982இல் பதிவான இந்தப் பாடலை, இந்தப் பயணம்வரை அவர்கள் மேடையில் வாசித்ததே இல்லை. உடல் ஒத்துழைக்க மறுக்கும் ஒரு நடனக் கலைஞரையும் எழுத்து வற்றிப்போன ஓர் எழுத்தாளரையும் பற்றிய வரிகளை எழுதியவர் பியர்ட். அறுபத்திரண்டு வயதில் தசைநாண் அழற்சியின் வலியோடு அதே வரிகளுக்குப் பின்னால் அமர்ந்து அவர் டிரம்ஸ் வாசிக்கிறார். மூலப் பதிவில் வயலின் வாசித்த பென் மிங்க் மேடையேறி அதே பகுதியை வாசிக்கிறார். இந்த இடத்தில் என் மகன் பார்ப்பது பியர்ட்டின் மணிக்கட்டுகளை மட்டும்தான். லைஃப்சனுக்கும் மூட்டழற்சி இருந்தது. ஆனாலும் அவரும் லீயும் தொடர விரும்பினார்கள் என்பதும், தமது தரம் குறைவதைக் காணப் பொறுக்காத பியர்ட்டே நிறுத்த விரும்பினார் என்பதும் பின்னர் வெளிப்படையானவை. எங்களுக்கு அவர்மேல் வருத்தம் உண்டு, குறை இல்லை.

குறை இந்தத் தட்டின்மேல் ஒன்று உண்டு. முப்பத்தைந்து நிகழ்ச்சிகள் கொண்ட பயணத்தின் கடைசி நிகழ்ச்சி ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் ஃபோரம் அரங்கில் நடந்தது. நாற்பதாண்டுகளாக டிரம்ஸை விட்டு மேடையின் முன்பக்கம் வராத பியர்ட், அன்று மட்டும் இறங்கி வந்து மற்ற இருவரோடும் நின்று ரசிகர்களை வணங்கினார். ரசிகக் குடும்பங்கள் எல்லாம் காண விரும்பும் அந்த நிமிடம், ரொறன்ரோவிலேயே பதிவான இந்தத் தட்டில் இருக்க வழியில்லை. சொந்த ஊர் ரசிகர்களின் ஆரவாரம் அதற்கு ஓரளவே ஈடு. (எங்கள் விமான நிலையத்தின் குறியீடான YYZ என்ற எழுத்துகளின் மோர்ஸ் தந்தி ஒலியைத் தாளமாகக் கொண்டு பிறந்த ‘ஒய்ஒய்இசட்’ என்ற இசை தொடங்கும்போது அரங்கம் எழுப்பும் ஓசையை வேறு எந்த ஊர்ப் பதிவிலும் எதிர்பார்க்க முடியாது.) லீயின் குரல் உச்ச ஸ்தாயியில் திணறுவதையும் மறைக்காமல் விட்டிருக்கிறார்கள், எனக்கு அது பிடித்திருந்தது, கணவருக்குப் பிடிக்கவில்லை.

ஜெர்மானிய டிரம்ஸ் கலைஞர் அனிகா நிலெஸுடன் 2026இல் மீண்டும் பயணம் செல்வதாக லீயும் லைஃப்சனும் 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். மகள் துள்ளினாள், பியர்ட் இல்லாத மேடையைப் பார்க்க வரமாட்டேன் என்கிறான் மகன். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், புதிதாக வாங்குபவர்கள் ‘ஆர்40 லைவ்’ தட்டோடு, அதே பயணத்தின் இறுதி நாள்களைப் பற்றி 2016இல் வந்த ‘டைம் ஸ்டாண்ட் ஸ்டில்’ ஆவணப்படத்தையும் சேர்த்து வாங்குவது நல்லது. காணொளித் தட்டை முதலிலும் ஆவணப்படத்தை அதன் பின்னரும் பார்க்க வேண்டும்.